குழந்தைகளின் நரம்பு வைத்தியம்: ஆடம்பரமா, அவசியமா?

அரசியல் பத்திரிகை ஒன்று வைத்திய விஷயத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். தேர்தலும் சட்டசபையும் கட்சிகளின் போட்டியுமே அரசியல் என்று எண்ணுவோர் அப்படித்தான் கேட்பார்கள். பொதுப்பணம் எங்கே செல்கிறது, எங்கே செல்ல மறுக்கிறது என்பதே அரசியலின் சாரம் என்பது நமது கொள்கை. அந்தக் கண்கொண்டு பார்த்தால், வாய் பேசத் தெரியாத, வோட்டுரிமையும் இல்லாத ஒரு கூட்டத்தாரின் நோய்க்கு ஒரு தேசம் என்ன செய்திருக்கிறது என்பதைவிடப் பெரிய அரசியல் பிரச்னை வேறு இராது. குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டு, நரம்பு, தசை ஆகியவற்றில் உண்டாகும் நோய்களை ஆராய்ந்து சிகிச்சை செய்யும் தனித்துறை ஒன்று வைத்திய சாஸ்திரத்தில் வளர்ந்திருக்கிறது. இத்துறை பணக்கார தேசங்களின் ஆடம்பரம் என்றும், நம் போன்ற தேசத்துக்குச் சாதாரண டாக்டர்களே போதும் என்றும் படித்தவர்களிடையே ஓர் அபிப்பிராயம் நிலவி வருகிறது. அது தவறு என்று காட்டுவதே நமது நோக்கம்.

முதலில், குழந்தைக்கென்று தனி நரம்பு வைத்தியம் ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். சட்டம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சட்டத்தின் கண்ணில் மைனர் என்பவன் உருவத்தில் சிறுத்த மேஜர் அல்லன். அவனுடைய நிலையே வேறு. இந்த உண்மையை நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்ள வெகு காலம் பிடித்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1899-ம் வருஷத்தில்தான் சிறுவர்களுக்கெனத் தனிக் கோர்ட்டு ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் சிறுவர் சட்டம் 1920-ல் நிறைவேறியது. வைத்தியத்திலும் அப்படியே. வளர்ந்தவனுடைய மூளை கட்டி முடித்த வீடு. குழந்தையினுடையதோ சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருக்கும் வீடு. கட்டி முடித்த வீட்டில் ஒரு சுவர் இடிந்தால் அந்தச் சுவர் மட்டுமே நஷ்டம். அஸ்திவாரம் போடும்போது நேர்ந்த கோணலோ, மேலே எழும்பும் ஒவ்வொரு சுவரிலும் தெரியும். ஆறு மாதத்தில் தலை நிற்காத குழந்தைக்கும் அறுபது வயதில் கை விழுந்த கிழவருக்கும் ஒரே கணக்கில் பரிசோதனை செய்தால், குழந்தையின் நோய் என்றைக்கும் பிடிபடாது. எந்த வயதில் குப்புற விழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது சொல் வர வேண்டும் என்ற வளர்ச்சியின் கணக்கு இத்துறையின் முதற்பாடம்.

இத்துறையின் சரித்திரத்தைப் பார்த்தால், பெரிய யந்திரங்களைக் கொண்டு அது தொடங்கவில்லை என்பது தெரியும். 1841-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற வைத்தியர் லண்டன் நகரின் 'லான்செட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் அதில் வர்ணித்த நோயாளி அவருடைய சொந்த மகன். நான்கு மாதம் வரை நன்றாயிருந்த சிசு, திடீர் திடீரென்று தலையை முழங்காலை நோக்கித் தாழ்த்தி நிமிர்வதும், அது ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறை வருவதும், நாளடைவில் முகத்தில் சிரிப்பும் அறிவுக் களையும் மங்கிப்போவதும் கண்டு மனமுடைந்த தகப்பனார், தமக்குத் தெரிந்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்துப் பயனின்றி, வேறு யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டு அக்கடிதத்தை எழுதினார். லண்டனில் அவர் கலந்தாலோசித்த பெரிய டாக்டர் ஒருவர் அந்த நோய்க்குச் 'சலாம் வலிப்பு' என்று பெயரிட்டிருந்தார். கீழ்நாட்டார் குனிந்து சலாம் போடுவதைக் கண்ட ஆங்கிலேயருக்கு அந்தப் பெயர் எளிதில் தோன்றியது போலும்! பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. மூளையின் மின்சார ஓட்டத்தைப் பதிவு செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டு, இந்நோய்க்குரிய பிரத்தியேகமான அலைக்குறி 1952-ல் அமெரிக்காவில் வர்ணிக்கப்பட்டது. 1958-ல் பெல்ஜியம் தேசத்தில் சோரல் என்ற டாக்டர், ஒருவகைச் சுரப்பிநீர் ஊசியினால் இவ்வலிப்பு நிற்பதைக் கண்டார். தகப்பனாரின் கடிதத்துக்குப் பதில் கிடைக்க 117 வருஷம் ஆயிற்று. அந்தப் பதிலும், குழந்தைகளின் வலிப்பையே தொழிலாகக் கொண்டு கவனித்தவர்களால்தான் கிடைத்தது.

மற்றொரு கேள்வியின் சரித்திரம் இதைவிட முக்கியமானது. ஏனெனில் அது இன்று நம் தேசத்தின் வாசலில் வந்து நிற்கிறது. பிறந்தது முதல் கைகால் விறைத்து, நடை தாமதித்து, உடல் வசப்படாமல் இருக்கும் நிலையைப் பெருமூளை வாதம் என்கிறோம். லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில், தாமே சிறுவயதில் கால் ஊனமுற்றவர். இந்த வாதம் கஷ்டப் பிரசவத்தினாலும், பிறந்தவுடன் சிசு மூச்சுத் திணறுவதனாலும் உண்டாகிறது என்று 1861-ல் பிரசவ வைத்தியர்களின் சங்கத்தில் எடுத்துரைத்தார். அவர் சொன்னதை உலகம் ஏற்றது. நீண்ட காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர் வழங்கிற்று. வியன்னா நகரில் குழந்தை நோய் நிலையம் ஒன்றில் சுமார் பத்து வருஷம் நரம்புப் பிரிவை நடத்திவந்த ஒரு டாக்டர் மட்டும் 1897-ல் ஆட்சேபம் கிளப்பினார். பிரசவம் கஷ்டமானதே, கருவிலிருந்த சிசுவுக்கு முன்பே ஏதோ கேடு நேர்ந்திருந்ததன் அடையாளமாக இருக்கலாகாதா என்பது அவர் கேள்வி. அவர் வேறு யாருமல்லர். பின்னர் மனத்தத்துவ ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்ட்தான். குழந்தைகளின் பெருமூளை வாதத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைப் பலர் இன்று அறியார்.

இக்கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை நம் வீடுகளில் நடப்பதைக்கொண்டு அறியலாம். இப்படி ஒரு குழந்தை பிறந்தால் நம்மவர் முதலில் தேடுவது நோயின் காரணத்தையன்று, பழி சுமத்த ஓர் ஆளை. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று தாயின்மேல் பழி. அவசரப்பட்டு இழுத்தாள் என்று பிரசவம் பார்த்தவள்மேல் பழி. இருவரும் தப்பினால் பூர்வஜன்ம வினையின்மேல் பழி. அமெரிக்காவில் சுமார் 54 ஆயிரம் கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆராய்ச்சியிலிருந்து, காரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986-ல் வெளியிட்ட முடிவு, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் இவ்வாதத்தில் ஒரு சிறு பகுதிக்கே காரணம் என்று காட்டியது. பிராய்டின் ஆட்சேபம் 89 வருஷங்களுக்குப் பிறகு நியாயம் பெற்றது. சாட்சியம் இல்லாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது நீதிமன்றங்களின் விதி. அந்தச் சாட்சியத்தைச் சேகரிப்பதே இத்துறையின் வேலை.

துறை என்ற அந்தஸ்து இதற்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. நியூயார்க்கில் பெர்னார்ட் சாக்ஸ் குழந்தைகளின் நரம்பு நோய்களைப் பற்றி 1895-ல் ஒரு முழு நூல் எழுதினார். பாஸ்டனில் பிரான்சன் குரோதர்ஸ் 1926-லும், பால்டிமோரில் பிராங்க் போர்டு 1937-லும் இத்துறைக்கு அடிப்படையான நூல்களை வெளியிட்டார்கள். இருந்தும், குழந்தை வைத்தியர்கள் "குழந்தை எங்களுடையது" என்றார்கள். நரம்பு வைத்தியர்கள் "நரம்பு எங்களுடையது" என்றார்கள். இரண்டு கோர்ட்டுகள் அதிகார எல்லைக்காக வழக்காடிக்கொண்டிருக்க, கட்சிக்காரன் வெளியே வெயிலில் நின்றதைப்போல் நோயாளிக் குழந்தை நின்றது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்க சர்க்கார் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கிற்று. குழந்தை வைத்தியத்திலும் நரம்பு வைத்தியத்திலும் ஒருங்கே பயின்றவர்களுக்குத் தனிப் பரீட்சையும் தனி அங்கீகாரமும் 1960-க்கு மேற்பட்ட அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் ஏற்பட்டன. இங்கிலாந்தில் குழந்தை வைத்தியத்தின் கிளையாக இத்துறை வளர்ந்தது. 1972-ல் அமெரிக்காவில் குழந்தை நரம்பு வைத்தியர் சங்கமும், 1973-ல் சர்வதேசச் சங்கமும் தோன்றின. அதாவது, மேல்நாடுகளிலேயே இத்துறை தன் காலில் நிற்கத் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. நாம் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் அவர்கள் இருப்பதாக நினைத்து மலைக்க வேண்டியதில்லை.

இத்துறையினால் விளைந்த பயன் என்ன? ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்கட்டும். 1934-ல் நார்வே தேசத்தில் ஒரு தாய், அறிவு வளராத தன் இரு குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர வாசனை வீசுவதைச் சொல்லி ஆஸ்பர்ன் போலிங் என்ற வைத்தியரிடம் முறையிட்டாள். அதற்கு முன் பலர் அவளுடைய பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவர் போட்டுக்கொண்டார். உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியை ஜீரணித்து மாற்ற இயலாமல் அது விஷமாகி மூளையைக் கெடுக்கும் நோய் அது என்று கண்டார். 1953-ல் பிர்மிங்காமில் பிக்கல் என்பவர் ஆகாரத்தை மாற்றியே இந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். பிறகு ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர், சிசுவின் குதிகாலில் ஊசியால் குத்திய ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுக்காகிதத்தில் எடுத்துச் சோதிக்கும் முறையை அமைத்து 1963-ல் வெளியிட்டார். அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்குத் தகப்பன் அவர். அதே வருஷத்தில் மாஸாசூஸெட்ஸ் ராஜ்யம் இச்சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஒரு சொட்டு ரத்தமும் ஒரு துண்டுக் காகிதமும் ஆயுள் முழுவதும் நீடிக்கும் ஊனத்தைத் தடுக்கின்றன. இதைவிட மலிவான வைத்தியம் உண்டா?

இன்னொன்று கேளுங்கள். பிறந்த சிசுவின் மஞ்சள் காமாலை மிஞ்சினால் அது மூளையில் படிந்து, காது கேளாமையையும் கைகால் முறுக்கத்தையும் உண்டாக்கும். இங்கிலாந்தில் ராச்போர்டு என்னும் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு தலைமை நர்ஸ், வெயிலில் கிடத்திய சிசுவின் உடலில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கண்டு டாக்டர்களிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்த நீல ஒளி வைத்தியம் 1958-ல் பிரசுரமாயிற்று. இன்று நம் தாலூகா ஆஸ்பத்திரிகளிலும் அந்த விளக்குகள் எரிகின்றன. இவ்வாறு கண்டதெல்லாம், குழந்தையின் மூளையைக் காப்பாற்றத்தக்க பொருளென்று கருதிக் கவனித்தவர்களின் கண்ணுக்கே பட்டது. நிபுணத்துவம் என்பது விலையுயர்ந்த கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். வாஸ்தவத்தில் அது கவனம். கவனம் முதிர்ந்தால் விலை குறைந்த சிகிச்சை பிறக்கிறது.

இச்சரித்திரத்தில் ஒரு கரிய அத்தியாயமும் உண்டு; அதை மறைப்பது நியாயமன்று. 1938-ல் பிராய்ட் தப்பி ஓட நேர்ந்த அதே வியன்னா நகரில், ஹிட்லர் ஆட்சியின்போது, 'ஸ்பீகல்கிரண்ட்' என்னும் நிலையத்தில் ஊனமுற்றவர், அறிவு குன்றியவர், அடங்காதவர் என்று பட்டம் சூட்டப்பட்ட 789 குழந்தைகள் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் டாக்டர்களின் கையாலேயே மருந்து கொடுத்தும் பட்டினி போட்டும் கொல்லப்பட்டவர்கள். அக்குழந்தைகளின் மூளைகளைச் சீசாக்களில் பாதுகாத்து, யுத்தம் முடிந்த பிறகும் பல்லாண்டுகள் ஹைன்ரிக் கிராஸ் என்ற டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதி வந்தார். அவருக்கு 1975-ல் அரசாங்கத்தின் கௌரவப் பதக்கமும் கிடைத்தது! 2002-ல்தான் அந்தக் குழந்தைகளின் எச்சங்கள் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. அறிவு மட்டும் வளர்ந்து, குழந்தையும் பிரஜையே என்ற எண்ணம் செத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். இதனால்தான் இவ்விஷயத்தை வைத்தியர்களிடம் மட்டும் விட்டுவிடாமல் பொதுஜனங்களும் தேச ஊழியர்களும் கவனிக்க வேண்டும் என்கிறோம்.

இனி நமது தேசத்துக்கு வருவோம். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் குழந்தை வைத்தியம் கௌமாரபிருத்யம் என்ற பெயரால் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. தமிழ் வைத்தியத்தில் பாலவாகடம் தனி நூல்வகையாகவே வளர்ந்தது. குழந்தையைத் தனியே பார்க்க வேண்டுமென்ற ஞானம் நம் முன்னோர்க்கு இருந்தது என்று பெருமைப்படலாம். ஆனால், பெருமை நோயைத் தீர்ப்பதில்லை. சுதந்திரம் வந்த கையோடு நரம்பு அறுவை வைத்தியத்தில் நாம் பின்தங்கிவிடவில்லை என்பது உண்மையே. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-லும் அந்தத் துறையைத் தொடங்கினர். குழந்தையின் முறை வந்தது எப்போது? டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் குழந்தை நரம்பு வைத்தியத்துக்கெனத் தனிப் பட்ட வகுப்பு ஏற்பட்டது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வளர்ந்தவர் மூளைக்கும் குழந்தை மூளைக்கும் இடையே நம் தேசத்தில் அரை நூற்றாண்டு இடைவெளி!

இந்த இடைவெளியினால் நாம் இழந்தது என்ன என்பதற்கு ஒரே ஒரு திருஷ்டாந்தம் கூறுகிறோம். மேலே சொன்ன மூச்சுத்திணறல் விஷயத்துக்கே திரும்புவோம். பிறந்தவுடன் மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து, சுமார் 33.5 டிகிரி உஷ்ணத்தில் வைத்தால் மரணமும் ஊனமும் குறைகின்றன என்று 2005-க்கும் 2009-க்கும் இடையே மேல்நாடுகளில் நடந்த பரிசோதனைகள் காட்டின. அம்முறை அங்கே நிலைபெற்றது. இங்கும் பல ஆஸ்பத்திரிகள் அதைக் கைக்கொள்ளத் தொடங்கின. இது நம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்று சோதித்துப் பார்க்க, இந்தியா, இலங்கை, வங்காள தேசம் மூன்றிலுமாக ஏழு ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது; சென்னை ஆஸ்பத்திரிகளும் அதில் இருந்தன. 2021-ல் வெளிவந்த அதன் முடிவு என்ன? குளிர்வித்ததனால் மரணமோ ஊனமோ குறையவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். குளிர்விக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 31 பேர். அங்கே உயிர் கொடுத்த வைத்தியம் இங்கே உயிரைக் குடித்தது!

ஏன் இப்படி? நம் சிசுக்களின் மூளைக்கு நேரும் கேடு, நேரத்திலும் தன்மையிலும் மேல்நாட்டுச் சிசுக்களுடையதினின்றும் வேறாக இருக்கலாம், அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பார்த்தீர்களா, வியன்னாவில் 1897-ல் கேட்கப்பட்ட அதே கேள்வி! அமெரிக்கர் தங்கள் குழந்தைகளைக் கொண்டு தங்களுக்கு விடை கண்டார்கள். நம்முடைய விடையை அவர்கள் கண்டு தர முடியாது, தரவும் மாட்டார்கள். தாயின் ரத்தசோகை, கர்ப்பத்தில் வரும் ஜுரம், தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கழியும் மணிகள் ஆகிய இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று அளந்து சொல்ல, நம் ஜில்லாக்களில், நம் பாஷை பேசி, நம் தாய்மார் சொல்வதைக் கேட்டுக் குறிக்கும் வைத்தியர்கள் வேண்டும். அன்னியச் சரக்கை அப்படியே இறக்குமதி செய்வது துணியில் நம்மை வறியவர்களாக்கிற்று. வைத்தியத்தில் அது குழந்தைகளின் உயிரையே பலி கேட்கிறது.

சொந்தக் கண்ணால் பார்த்தால் நம்மால் முடியும் என்பதற்கும் சாட்சியம் உண்டு. அயோடின் சத்துக் குறைந்தால் தாயின் கழுத்து வீங்குவதோடு நில்லாமல், கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றுகிறது. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கஸ்வாமியும் அவருடைய சகாக்களும் 1956-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில வருஷங்களில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழுத்து வீக்கம் வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசிய திட்டமே ஏற்பட்டது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நம் தலைவர்கள் உப்பெடுத்தபோது, இந்தப் பிடி உப்பு ஒரு நாள் பிறவாத குழந்தைகளின் அறிவையும் காக்கும் என்று யார் கண்டது? இளம்பிள்ளை வாதத்தையும் எண்ணிப் பாருங்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு அக்கொடிய வைரஸ் இயற்கையாகத் தொற்றி நம் தேசத்தில் ஒரு குழந்தையின் காலும் விழவில்லை; 2014 மார்ச்சில் உலகம் அதை அங்கீகரித்தது. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து கொடுத்த சாதாரண ஊழியர்களின் வெற்றி அது.

"எல்லாம் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்டர் இல்லாத தேசத்தில் குழந்தை நரம்பு நிபுணரைப் பற்றிப் பேசலாமா? பசித்தவனுக்கு முதலில் சோறு, பிறகல்லவா பாயசம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய தேசபக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. நோயின் அளவை அவர்கள் அறியவில்லை என்றே சொல்வோம். இந்தியாவின் ஐந்து பிரதேசங்களில் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்த ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. வலிப்பு, பெருமூளை வாதம், கேட்கும் சக்தியின்மை, அறிவு வளர்ச்சிக் குறை முதலிய ஒன்பது குறைகளில் ஏதேனும் ஒன்றை உடையவர்கள், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 6.5 முதல் 18.5 வரை, பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபட்டிருந்தனர். மிகக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், பதினைந்தில் ஒரு குழந்தை! இதுவா பாயசம்? இது அன்றாடச் சோற்றுப் பிரச்னை. அன்றியும், நிபுணர் இல்லாத இடத்தில் செலவு குறைந்துவிடுவதில்லை. சலாம் வலிப்பை வயிற்று வலி என்று எண்ணி ஊர் ஊராக அலையும் ஏழைத் தகப்பன், மாட்டையும் நகையையும் விற்றுச் செலவழிக்கிறான். அவன் சரியான இடத்தை அடையும்போது சிகிச்சைக்குரிய காலம் கடந்துபோகிறது. அச்செலவு சர்க்கார் பட்ஜெட்டில் தெரிவதில்லை. குடும்பத்தின் பட்ஜெட்டில் தெரிகிறது.

ஆனால் ஒன்று: தலைநகரங்களில் கண்ணாடி மாளிகை கட்டி நிபுணர்களை உட்கார வைத்தால், ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். நாம் கேட்பது அதுவன்று. மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். முதலாவது, ஒவ்வொரு சர்க்கார் வைத்தியக் கல்லூரியிலும் குழந்தை நரம்பு வைத்தியத்துக்கு ஒரு பிரிவும், அதில் பயிற்சி பெறுவோருக்கு இடங்களும் ஏற்படுத்தப்பட வேண்டும். அந்நிபுணர்கள் மாதந்தோறும் ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கவும், அங்குள்ள டாக்டர்களுக்குக் கற்பிக்கவும் கடமைப்பட்டவர்களாக இருக்க வேண்டும். 2013-ல் மத்திய சர்க்கார் பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசிய திட்டத்தைத் தொடங்கி, ஜில்லாதோறும் ஆரம்ப நிலையிலேயே சிகிச்சை அளிக்கும் மையங்கள் வேண்டுமென்று விதித்தது. விதி நல்லதே. பலகை மட்டும் மாட்டி, உள்ளே ஆளில்லாத மையத்தினால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது, பிறந்த ஒவ்வொரு சிசுவுக்கும் குதிகால் ரத்தப் பரிசோதனை. நம் தேசத்தில் சுமார் ஆயிரத்துச் சொச்சம் சிசுக்களில் ஒன்று, கழுத்துச் சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறக்கிறது. முதல் சில வாரங்களில் கண்டுபிடித்துத் தினம் ஒரு மலிவான மாத்திரை கொடுத்தால் அது மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். கண்டுபிடிக்காவிட்டால் ஆயுள் முழுவதும் மந்தம். மாஸாசூஸெட்ஸ் 1963-ல் செய்த சட்டத்தைப் போன்ற ஒன்று தேசம் முழுவதற்கும் இங்கே இன்னும் ஏற்படவில்லை. இரண்டொரு ராஜ்யங்கள் தாமாக முயன்றிருப்பதே, முடியும் என்பதற்கு அத்தாட்சி. மூன்றாவது, ஆராய்ச்சி. மேல்நாட்டு முறை எதையும் நம் குழந்தைகள்மேல் பிரயோகிக்குமுன் இங்கே சோதித்துப் பார்ப்பது என்ற நியதி ஏற்பட வேண்டும். 2021-ன் பாடத்தை மறந்தால், அந்தப் பரிசோதனையில் சேர்ந்த சிசுக்களுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைக்கு இழுப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லுக்கிடையே கரண்டியை நுழைப்பதும், வேப்பிலை அடித்துவிட்டு ஒரு மாதம் காத்திருப்பதும் இன்னும் நம் கிராமங்களில் ஒழியவில்லை. ஒருக்களித்துக் கிடத்து, வாயில் எதையும் போடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்ற மூன்று வாக்கியங்களை ஒவ்வொரு மேடையிலும் சொன்னால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். தொடர்ந்து வரும் வலிப்புக்கு 1912 முதல் வழங்கும் பினோபார்பிடோன் போன்ற விலை மலிந்த மருந்துகள் இருக்கின்றன. அவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு உண்டா என்று மாதம் ஒருமுறை கேட்பது, ஊர்வலம் நடத்துவதற்குக் குறைந்த தேச சேவையன்று. வலிப்புள்ள பெண்ணை மறைத்து வைப்பதும், கைகால் வராத பையனைத் திண்ணையில் கிடத்திப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பதும் வெட்கக்கேடு. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ல் விஸ்தரிக்கப்பட்டு, ஏழு வகையாக இருந்த ஊனங்கள் 21 வகையாக ஏற்கப்பட்டிருக்கின்றன. அச்சட்டம் கிராமத்துத் தகப்பனுக்குத் தெரியாத வரையில் அது காகிதமே. தெரிவிக்க வேண்டியவர்கள் நாம்.

வருகிற பட்ஜெட் விவாதத்தின்போது ராஜ்ய சுகாதார மந்திரியை நமது பிரதிநிதிகள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். எத்தனை சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் குழந்தை நரம்பு வைத்தியப் பிரிவு இருக்கிறது? எத்தனை ஜில்லா மையங்களில் விதித்த ஆட்கள் முழுவதும் வேலையில் இருக்கிறார்கள்? சென்ற வருஷம் பிறந்த சிசுக்களில் எத்தனை பேருக்குக் குதிகால் ரத்தம் சோதிக்கப்பட்டது? விடைகளை இப்பத்திரிகை அப்படியே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறது. விடை வராவிட்டால், வரவில்லை என்பதையும் பிரசுரிப்போம்.